பக்ஸ் பன்னிக்குப் பயிற்சியாளர் எதற்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

விடுமுறையில் குடும்பத்தோடு ‘ஸ்பேஸ் ஜாம்’ (1996) பார்த்தோம், கூடைப்பந்து நட்சத்திரம் மைக்கேல் ஜோர்டனும் கார்ட்டூன் பாத்திரங்களும் சேர்ந்து ஆடும் படம். என் தம்பி கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவன். அவனுக்கு இந்தப் படம் உயிர், வசனமெல்லாம் மனப்பாடம். நான் பக்ஸ் பன்னி என்ற முயல் வரும் பழைய லூனி டியூன்ஸ் கார்ட்டூன் குறும்படங்களின் ரசிகன். எனக்கு அரை மணி நேரத்துக்கு மேல் தாங்கவில்லை. மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மகனோ 2021-இல் இன்னொரு கூடைப்பந்து வீரரான லெப்ரான் ஜேம்ஸ் நடித்து வந்த இரண்டாவது படம்தான் நன்றாக இருக்கிறது என்கிறான். ஒரே படம் ஏன் ஆட்களை இப்படிப் பிரிக்கிறது? சின்ன வயதில் பார்த்த பாசம் மட்டும்தானா? அல்லது மனிதனும் கார்ட்டூனும் ஒட்டாமல் நிற்கிற தொழில்நுட்பக் குறையா? பிள்ளைகளுக்கு எதை, எந்த வரிசையில் காட்டலாம் என்றும் சொல்லுங்கள்.

ர.

அன்புள்ள ர.,

சின்ன வயதுப் பாசம் உண்டு. ஆனால் அதை வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. 1996 நவம்பரில் படம் வெளியானபோதே வளர்ந்தவர்கள் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். அமெரிக்கத் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் நான்குக்கு மூன்றரை நட்சத்திரம் கொடுத்தார். பக்ஸ் பன்னியை வளர்த்தெடுத்த இயக்குநர்களில் ஒருவரான சக் ஜோன்ஸுக்கு அப்போது எண்பது வயதுக்கு மேல். அவர் படத்தை வெளிப்படையாகவே வெறுத்தார். படத்தில் வருவதுபோல் கார்ட்டூன்களைப் பிடித்துப்போக வேற்றுக்கிரகத்தார் வந்தால் பக்ஸ் யாரிடமும் உதவி கேட்டிருக்க மாட்டான், ஏழு நிமிடத்தில் தானே முடித்து அனுப்பியிருப்பான் என்பது அவர் வாதம். உங்கள் கேள்விக்கான விடை பெரும்பாலும் அந்த வாதத்திலேயே இருக்கிறது.

முதலில், படம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 1992 ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் ஒளிபரப்பின் நடுவே நைக்கி நிறுவனம் ஒரு விளம்பரம் போட்டது. மைக்கேல் ஜோர்டனும் பக்ஸ் பன்னியும் சேர்ந்து முரட்டு ஆட்கள் சிலரைக் கூடைப்பந்தில் ஓட ஓட விரட்டுவார்கள். அதை எடுத்தவர் ஜோ பிட்கா. அடுத்த ஆண்டு அதே கூட்டணியில் இன்னொரு விளம்பரம் வந்தது, அதில் செவ்வாய்க் கிரகத்து மார்வினும் உண்டு. இரண்டும் பிரமாதமாக எடுபடவே, வார்னர் பிரதர்ஸ் முழுநீளப் படத்துக்கு இறங்கி, இயக்கத்தையும் பிட்காவிடமே கொடுத்தது. விளம்பரத்தில் யார் யாருக்கு உதவுகிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. காலணி தெரிந்தால் போதும். எண்பத்தெட்டு நிமிடப் படத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. பக்ஸ் பன்னி தோற்காதவன். அவனாக வம்புக்குப் போக மாட்டான், ஆனால் சீண்டியவனை விடமாட்டான் என்பது சக் ஜோன்ஸ் வைத்திருந்த விதி. அவனுடைய ஆயுதம் பதறாமை. எதிரி துப்பாக்கியை நீட்டும்போது கேரட்டைக் கடித்துக்கொண்டு நிற்பான். ஜோர்டனும் தோற்காதவர், அதாவது அவருடைய பொதுப் பிம்பம் அப்படி. கதையில் தோற்காதவர்கள் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் மற்றவருக்கு இறங்கிக்கொடுத்தே ஆகவேண்டும். இந்தப் படத்தில் இறங்கியது பக்ஸ். குட்டி வேற்றுக்கிரகத்தாரை முதலில் தந்திரத்தால் மடக்கிக் கூடைப்பந்துப் போட்டிக்கு இழுப்பவன் அவன்தான். அதுவரை அவன் அவனாகத்தான் இருக்கிறான். அவர்கள் நிஜக் கூடைப்பந்து வீரர்கள் ஐந்து பேரின் திறமையைத் திருடிப் பூதாகரமாக வளர்ந்து நின்றதும் நடுங்கிப்போய் ஜோர்டனைக் கடத்திக்கொண்டு வருகிறான். உங்களுக்குப் பொறுக்காமல் போன இடம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஃப்ரிஸ் ஃப்ரெலெங் 1946-இல் எடுத்த ‘பேஸ்பால் பக்ஸ்’ இருக்கிறது. எதிரணி முழுக்கத் தடியர்கள். தொண்ணூறுக்கு மேல் புள்ளி எடுத்து முன்னால் நிற்கிறார்கள். பொந்துக்குள்ளிருந்து கேலி பேசிய குற்றத்துக்காக பக்ஸைக் களத்தில் இறக்குகிறார்கள். ஒன்பது பேர் இடத்திலும் அவன் ஒருவனே ஆடுகிறான். ஆமை வேகத்தில் ஒரு பந்தை வீசுகிறான், அந்த ஒரே பந்துக்கு மூன்று பேர் அடுத்தடுத்து மட்டையை வீசி அவுட். கடைசியில் 96-95 என்று பக்ஸ் வெல்கிறான். பயிற்சியாளர் கிடையாது, தன்னம்பிக்கை உரை கிடையாது. மொத்தமே ஏழு நிமிடம்தான். இதைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு 1996 படத்தின் பக்ஸ் அதே முகம் போட்ட வேறு ஆள்.

இப்போது உங்கள் தம்பி பக்கம் வருவோம். அவருக்கு இந்தப் படம் ஓர் ஆவணம் மாதிரி. ஜோர்டன் 1993 அக்டோபரில் கூடைப்பந்தை விட்டார். 1994-இல் பர்மிங்ஹாம் பேரன்ஸ் என்ற கீழ்நிலை அணிக்கு பேஸ்பால் ஆடி 0.202 என்ற சுமாரான மட்டைச் சராசரி, அதாவது பத்து முயற்சிக்கு இரண்டு அடி, எடுத்தார். 1995 மார்ச்சில் தன் பழைய கூடைப்பந்து அணியான சிகாகோ புல்ஸுக்குத் திரும்பினார். அந்தக் கோடையில்தான் படப்பிடிப்பு. பர்பாங்க்கில் உள்ள ஸ்டூடியோ வளாகத்திலேயே அவருக்காகக் கூரை போட்ட ஆடுகளம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். பகலில் படப்பிடிப்பு, மற்ற நேரத்தில் முன்னணி வீரர்களை வரவழைத்து நிஜ ஆட்டம். அடுத்த பருவத்தில் புல்ஸ் 72 வெற்றி, 10 தோல்வி என்று முடித்துக் கோப்பையும் வாங்கியது. படம் திரைக்கு வந்தது அதற்குப் பிறகு. ஆகவே கதையில் ஜோர்டன் பேஸ்பாலை விட்டுக் கூடைப்பந்துக்குத் திரும்புவது அந்த ரசிகர்களுக்குக் கற்பனையாகத் தெரியவில்லை.

படம் ஜோர்டனை எங்கே கேலி செய்கிறது என்று கவனியுங்கள். பேஸ்பாலில் மட்டும். எதிரணி விக்கெட் கீப்பர், பேஸ்பாலில் கேட்சர் என்பார்கள், அடுத்து வரப்போகும் பந்து எது என்று ஜோர்டன் காதிலேயே சொல்லிக்கொடுக்கிறார். அப்படியும் இவரால் தொட முடியவில்லை. ஊரறிந்த தோல்வி என்பதால் அங்கே சிரிக்க அனுமதி உண்டு. கூடைப்பந்துக் களத்தில் அவர்மேல் ஒரு கீறல் விழாது. ஒரு நகைச்சுவைப் படத்தின் நாயகனுக்கு இது பெரிய விலங்கு. அதனால்தான் மனித நடிகர்களில் உண்மையாகவே சிரிக்க வைப்பவர்கள் திறமை பறிபோன அந்த ஐந்து பேர்: சார்லஸ் பார்க்லி, பேட்ரிக் யூயிங், லாரி ஜான்சன், ஐந்தடி மூன்று அங்குல மக்ஸி போக்ஸ், ஏழடி ஆறு அங்குல ஷான் பிராட்லி. மனநல மருத்துவரிடம் புலம்புவதும், தெருவில் ஆடும் பெண்களிடம் பார்க்லி அவமானப்படுவதும் இரண்டு கட்சிக்கும் பிடித்த காட்சிகள். என் கணிப்பில் படத்தின் மிகச் சிறந்த பத்து நிமிடம் அதுதான். கார்ட்டூன் நாயகன் ஒருவன்கூட அதில் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

தொழில்நுட்பம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒட்டாமல் தெரிகிறது என்பது உண்மை. ஆனால் காரணம் படம் வரைந்தவர்களின் திறமைக் குறைவு இல்லை. இவ்வகைப் படத்தில் ஒரு ஷாட் எப்படி உருவாகிறது என்று தெரிந்தால் விளங்கும். நடிகரைப் பச்சைத் திரைக்கு முன்னால் நிறுத்துவார்கள். கார்ட்டூன் நிற்கவேண்டிய இடத்தில் தலை முதல் கால் வரை பச்சை உடுப்புப் போட்ட துணை நடிகர்கள், முயல் உயரத்துக்கு முட்டி போட்டுக்கொண்டு. சுவரெங்கும் அடையாளப் புள்ளிகள் ஒட்டியிருக்கும். பிற்பாடு கேமரா எப்படி நகர்ந்தது என்பதைக் கணினி அந்தப் புள்ளிகளை வைத்துக் கணக்கிடும். பச்சை ஆட்களை அழித்துவிட்டு, ஒவ்வொரு ஃப்ரேமையும் தாளில் அச்செடுத்து அதன்மேல் வரைவார்கள். சாதாரண கார்ட்டூனில் ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்து நொடிக்குப் பன்னிரண்டு படத்தோடு ஒப்பேற்றலாம். கேமரா நகர்கிற ஷாட்டில் அது செல்லாது. பின்னணி இருபத்துநான்கு முறை நகர, பாத்திரம் பன்னிரண்டு முறை நகர்ந்தால் கால் தரையில் வழுக்குவதுபோல் தெரியும். நொடிக்கு இருபத்துநான்கும் வரைந்தாகவேண்டும். பிறகு நிழலுக்குத் தனி அடுக்கு, உடம்பில் விழும் ஒளிக்குத் தனி அடுக்கு, கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஃபிலிமில் பொடிமணல்போலத் தெரியும் நுண்துகளைப் பூசுவது.

பிசகுவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று பார்வை. முட்டி போட்ட ஆளின் முகத்தை நடிகர் பார்த்திருப்பார், வரைபவர் அதைவிட நான்கு விரல் குட்டையாக முயலை வரைந்தால் நடிகர் காதுக்கு மேலே எங்கோ பேசிக்கொண்டிருப்பார். இன்னொன்று தொடுகை. கார்ட்டூன் சட்டையைப் பிடித்தால் சட்டை கசங்கவேண்டும், நாற்காலியில் உட்கார்ந்தால் மெத்தை அமுங்கவேண்டும். 1988-இல் வந்த ராபர்ட் ஜெமெக்கிஸின் ‘ஹூ ஃப்ரேம்டு ரோஜர் ராபிட்’ இதில் வெறித்தனமாக உழைத்தது. கம்பியாலும் இயந்திரத்தாலும் நிஜப் பொருட்களை அசைத்து, அதன்மேல் பாத்திரத்தை வரைந்தார்கள். ஒரு காட்சியில் தொங்கும் விளக்கு தலையில் இடிபட்டு ஆடிக்கொண்டே இருக்கும், முயலின் நிழலும் ஒளியும் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறும். கதைக்கு அது அவசியமே இல்லை, இருந்தும் செய்தார்கள். அந்த முயல் நிஜ உலகத்துக்குள் வந்தது. ‘ஸ்பேஸ் ஜா’மின் பெரும்பகுதியில் நடப்பது நேர்மாறு. தளம், கூட்டம், எதிரி எல்லாம் பிறகு சேர்த்தவை, நிஜமாக இருப்பது ஜோர்டன் மட்டும். தொட்டு நம்ப அங்கே ஒன்றுமில்லை. (நம் ஊரில் ‘ராஜா சின்ன ரோஜா’ பாட்டில் ரஜினி கார்ட்டூன் விலங்குகளோடு ஆடியது 1989-இல். கணினி கைக்கு வராத காலத்தில் அதைச் செய்தார்கள் என்பதற்காகவே இன்னொரு முறை பார்க்கலாம்.)

இந்தக் குறை தம்பிக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் உறுத்தாததற்குக் காரணம், ஆட்டத்தின் கணக்கு அவருக்குப் புரிகிறது. இடைவேளையில் எதிரணி 66-18 என்று முன்னால். முடிவில் கார்ட்டூன் அணிக்கு 78-77. எத்தனை நொடி மிச்சம், களத்தில் ஐந்தாவது ஆள் யார் என்பதெல்லாம் படம் சொல்லிக்கொண்டே போகிறது. விளையாட்டுப் படத்தின் இலக்கணத்தை அந்த மட்டில் மீறவில்லை.

2021 படத்தின் நிலை விசித்திரமானது. சக் ஜோன்ஸ் சொன்ன குறையை அது உண்மையிலேயே திருத்தப் பார்த்தது. லெப்ரான் முதல் பாதியில் ஒழுங்கு, அடிப்படை என்று கார்ட்டூன்களை வாட்டி எடுக்கிறார், அணி அடி வாங்குகிறது. பிறகுதான், இவர்களை இவர்கள் போக்கில் கிறுக்குத்தனம் செய்ய விடவேண்டும் என்று அவருக்கு உறைக்கிறது. பழைய ரசிகர்கள் மகிழ்ந்திருக்கவேண்டிய கதை. ஆனால் படம் அவர்களைக் கவரவில்லை. ஆட்டத்தைச் சுற்றி நிற்கும் கூட்டம் முழுக்க வார்னர் நிறுவனத்தின் மற்ற படங்களிலிருந்து இறங்கி வந்தவர்கள். முன்னால் என்ன நடக்கிறது என்று பார்ப்பதா, பின்னால் நிற்பவர் எந்தப் படத்து ஆள் என்று தேடுவதா? கூடைப்பந்து ரசிகர்களும் கழன்றுகொண்டார்கள், ஏனென்றால் அது வீடியோ கேம் விதிப்படி நடக்கும் ஆட்டம். அழகாகப் போட்டால் கூடுதல் புள்ளி, புள்ளிகள் ஆயிரக்கணக்கில் ஓடுகின்றன, எது நெருக்கடி என்றே தெரியாது.

நடிப்பும் ஒரு காரணம். விளம்பரக்காரரான பிட்காவுக்கு, நடிக்கத் தெரியாதவரிடம் எதைக் கேட்கக்கூடாது என்று தெரியும். ஜோர்டனிடம் அவர் கேட்டது பெரும்பாலும் ஒரே பாவம், திகைப்பு. ஒரு வரி பேசியதும் வெட்டி வேறு முகத்துக்குப் போய்விடுவார். லெப்ரானுக்குக் கொடுத்ததோ மகனைப் புரிந்துகொள்ளாத கண்டிப்பான அப்பா வேடம், கண்ணீர்க் காட்சி, 115 நிமிடம். தேர்ந்த நடிகரே திணறும் சுமை அது. மோசமான படங்களுக்கான ராஸி விருதை அவர் தலையில் கட்டியது எனக்கு நியாயமாகப் படவில்லை. எழுதியவர்களிடம் கொடுத்திருக்கலாம்.

கார்ட்டூன் பிரியர்கள் ஆசைப்பட்ட மாதிரியே ஒரு படம் வராமலில்லை. ஜோ டான்ட்டே 2003-இல் எடுத்த ‘லூனி டியூன்ஸ்: பேக் இன் ஆக்ஷன்’. விளையாட்டு வீரர் தலைமையேற்கவில்லை, பக்ஸும் டாஃபி என்ற வாத்தும் பழைய குணத்தோடு இருந்தார்கள். சுமார் 8 கோடி டாலர் செலவழித்தார்கள், உலகம் முழுக்கச் சேர்த்தும் வசூல் 7 கோடியைத் தொடவில்லை. ஏறத்தாழ அதே செலவில் எடுத்த 1996 படம் 23 கோடிக்கு மேல் வசூலித்தது. ஸ்டூடியோ எந்தக் கட்சிப் பக்கம் சாயும் என்பதில் அதன் பிறகு சந்தேகமே இல்லை.

உங்கள் வீட்டுக்கு என் யோசனை இது. முதலில் ‘பேஸ்பால் பக்ஸ்’. பேஸ்பால் விதி தெரியவேண்டியதில்லை, மூன்று முறை தவறவிட்டால் அவுட் என்று மட்டும் சொல்லி வையுங்கள். அதன்பின் 1996 படத்தை மகள் இன்னொரு முறை பார்க்கட்டும், பக்ஸ் எந்த இடத்தில் மாறிவிடுகிறான் என்று கேளுங்கள். பிள்ளைகள் சட்டென்று பிடித்துவிடுவார்கள். 2021 படத்தில் நீங்களே ரசிக்கக்கூடிய பகுதி ஒன்று உண்டு. லெப்ரான் கார்ட்டூன் உலகத்தில் விழுந்து, அவரே கையால் வரைந்த தட்டைப் படமாக மாறி, பக்ஸோடு சேர்ந்து மற்றவர்களைத் தேடிப் போகிற பகுதி. அங்கே ஒட்டாமை என்ற பிரச்சினையே இல்லை, எல்லோரும் ஒரே மையில் வரைந்தவர்கள். ஆட்டம் தொடங்கியதும் நீங்கள் எழுந்து போய்விடலாம். மகனை மட்டும் கூடவே இழுக்காதீர்கள். வீடியோ கேம் ஆடுகிற பிள்ளையாக இருந்தால் நமக்குத் தலை சுற்றுகிற அந்தப் புள்ளிக் கணக்கு அவனுக்கு நன்றாகவே விளங்கும்.