உளவியல் படிக்க நகையை அடைவு வைக்கலாமா?

கேள்வி: வயது 28. யாழ்ப்பாணத்தில் சிறுவர்களோடு வேலை செய்யும் ஒரு அமைப்பில் உளவளத்துணை உதவியாளராக இருக்கிறேன். சம்பளம் 60,000 ரூபா. பிள்ளைகளோடும் குடும்பங்களோடும் வேலை செய்யும் உளவியலாளராக வர ஆசை. தனியார் கல்லூரி ஒன்றில் வார இறுதி வகுப்பு, 3 வருடத்தில் பிரித்தானியப் பட்டம். கட்டணம் பவுண்ஸில், இன்றைய கணக்குக்கு 24 இலட்சம். முழுவதையும் முதலே கட்டினால் 10 வீதம் கழிவு. ஒரு வங்கியில் 14 இலட்சம் நிலையான வைப்பு இருக்கிறது. கனடாவில் உள்ள அண்ணா மாதம் 40,000 அனுப்புவார். குறையும் காசுக்கு நகையை அடைவு வைக்கவா?

பதில்: வேண்டாம். படிப்பை அல்ல, அடைவையும் மொத்தமாகக் கட்டுவதையும் சொல்கிறேன்.

அந்தப் பட்டத்தோடு நீங்கள் உளவியலாளராகி விடமாட்டீர்கள். பிரித்தானியாவிலேயே அதற்குப் பிறகு மருத்துவ உளவியலில் 3 வருட முனைவர் பயிற்சி இருக்கிறது. இங்கும் மருத்துவ உளவியலாளராகப் பதிவு பெற பட்டப்பின் படிப்பு வேண்டும். கொழும்புப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முழுநேரமாகப் படித்து, வைத்தியசாலைப் பயிற்சியும் முடிக்க வேண்டும். காலையில் வார்ட்டில் நிற்பவர் யாழ்ப்பாணத்தில் சம்பளம் எடுக்க முடியாது. அறை, சாப்பாடு, பயணம் என்று மாதம் 60,000 போட்டாலும் 2 வருடத்துக்கு 14.4 இலட்சம். உங்கள் வைப்பு முழுவதும் அதற்குத்தான் சரி. கல்லூரிக்காரர் இந்தச் செலவைச் சொல்லமாட்டார்கள், அது அவர்களுடைய கட்டணம் இல்லையே!

ஆகவே தவணையாகக் கட்டுங்கள். அண்ணாவின் காசு 3 வருடத்தில் 14.4 இலட்சம். அம்மாவோடு வீட்டில் இருந்தால் நீங்கள் மாதம் 20,000 மிச்சம் பிடிக்கலாம், அது 7.2 இலட்சம். மீதி 2.4 இலட்சத்தை வைப்பு வட்டி தாங்கும். கழிவும் அதே 2.4 இலட்சம்தான், ஆனால் இடையில் படிப்பை விட நேர்ந்தால் கட்டிய காசு திரும்பி வருமா?

பவுண்ஸ்தான் என் பயம், ரூபா விழுந்தால் கட்டணம் ஏறும். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதம் 360. அண்ணா அனுப்புவதை ரூபாவாக்காமல் தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கில் வைத்து, அதிலிருந்தே கட்டணத்தைச் செலுத்துங்கள்.

நகை அடைவு வழக்கமாக ஒரு வருடக் கணக்கு. உங்களுக்கு வருமானம் கூடுவதற்கு 5 வருடம் ஆகும். வருடாவருடம் வட்டி கட்டித் திருப்பி வைக்கும் சுழலில் எத்தனையோ குடும்பத்தின் தாலிக்கொடியே போயிருக்கிறது.

காசு கட்டுமுன் கல்லூரியிடம் இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: பட்டத்துக்குப் பிரித்தானிய உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் உண்டா, இங்குள்ள பட்டப்பின் படிப்புக்கு அது ஏற்கப்படுமா. மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

அப்புறம், வங்கி முறிந்தால் கிடைக்கும் வைப்புக் காப்புறுதி ஒரு வங்கியில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான். முதிர்வு வரும்போது 3 இலட்சத்துக்கு மேல் வேறு வங்கிக்கு மாற்றுங்கள். வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். உங்கள் ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே என்பதால், வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம்.