மாட்டுக்குக் கட்டி, மகனுக்குக் காய்ச்சல்: இரண்டும் ஒன்றா?

மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்கள் பட்டியில் இரண்டு பசுக்களுக்கு உடம்பெல்லாம் கட்டி. நுளம்பால் பரவுகிறது என்கிறார்கள். நேற்றிலிருந்து ஏழு வயது மகனுக்கும் காய்ச்சல். மாட்டைக் கடித்த நுளம்புதான் அவனுக்கும் கொண்டுவந்ததா? பாலைக் குடிக்கலாமா?"

பயப்படாதீர்கள் சகோதரி, மாட்டின் கட்டி மகனுக்கு வராது. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது தோல் கழலை நோய். 2020இல் யாழ்ப்பாணப் பக்கம் முதலில் தென்பட்டு இலங்கைக்குள் நுழைந்தது. நுளம்பும் மாட்டு ஈயும் உண்ணியும் அதை மாட்டுக்கு மாடு காவும். மனிதரில் அந்த வைரசு வளராது.

ஆனால் மகனின் காய்ச்சலை லேசாக எடுக்காதீர்கள். மாரி மழைக்குப் பிறகு வரும் எந்தக் காய்ச்சலையும் டெங்கு என்று நினைத்தே நான் பார்ப்பேன். காய்ச்சல் தொடங்கிய நாளைக் குறித்து வையுங்கள். எடைக்கேற்ற அளவில் பரசிட்டமோல் மட்டும் கொடுங்கள். ஐபுபுரோஃபன், டைக்குளோஃபினாக், அஸ்பிரின் வேண்டவே வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். கஞ்சி, இளநீர், ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த கரைசல்) என்று அடிக்கடி குடிக்கக் கொடுங்கள். நாளைக்கு, அதாவது மூன்றாம் நாள், கட்டாயம் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். காய்ச்சல் விட்டதும் "சுகமாகிவிட்டது" என்று பள்ளிக்கூடம் அனுப்பும் தாய்மாரைப் பார்த்து மனம் பதறியிருக்கிறேன். டெங்கில் ஆபத்தை உண்டாக்கும், இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த வேளையில்தான். வயிற்றுவலி, விடாத வாந்தி, கைகால் குளிர்வது, சிறுநீர் குறைவது, சோர்ந்து படுப்பது, இதில் ஒன்று தெரிந்தாலும் இரவென்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

டெங்கைப் பரப்பும் நுளம்பு வேறு, வயல் நுளம்பு வேறு. உங்கள் படுவான்கரைப் பக்கம் பெரும்போக வயல் நீரில் பெருகி, பொழுதுபட்ட பின் கடிக்கும் வயல் நுளம்பு ஜப்பானிய மூளைக்காய்ச்சலைக் கொண்டுவரலாம். அந்த வைரசு பன்றியிலும் கொக்கு வகைப் பறவைகளிலும்தான் பெருகும். மாட்டில் அப்படிப் பெருகாது. இதற்கு ஒரு வயதில் ஊசி போடுவார்கள், மகனின் கிளினிக் கொப்பியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, பசுக்கள். நோயுள்ள இரண்டையும் பட்டியிலிருந்து பிரித்துக் கட்டி, கால்நடை வைத்தியரை அழையுங்கள். மற்ற மாடுகளுக்குத் தடுப்பூசி போடலாமா என்று அவரிடமே கேளுங்கள். கட்டி உடைந்தால் புண்ணில் ஈ மொய்க்கவிடாதீர்கள். சாணத்தைத் தினமும் அள்ளுங்கள். மாட்டைக் கடிக்கும் ஈ அதில்தான் முட்டையிடும். மாலையில் வேப்பிலைப் புகை போடுவது நல்லதுதான், ஆனால் அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். இப்போதைக்கு மாட்டை விற்கவோ வேறு பட்டிக்குக் கொண்டுபோகவோ வேண்டாம்.

பாலை நன்றாகக் கொதிக்க வைத்துக் குடிக்கலாம். ஆனால் வைத்தியர் பசுவுக்கு நுண்ணுயிர்க்கொல்லி மருந்து ஏற்றினால், அவர் சொல்லும் நாள்வரை அந்தப் பாலைக் குடிக்கவோ தயிருக்கு உறையவைக்கவோ கூடாது.

அப்புறம், தயிர் போடும் வீட்டில் கொல்லையில் வெறும் சட்டிகள் அடுக்கிக் கிடக்குமே, அவற்றை இன்றைக்கே பாருங்கள். டெங்கு நுளம்புக்கு வயல் தேவையில்லை, அந்தச் சட்டியில் தேங்கும் மழைநீர் போதும். நீரை ஊற்றிக் கவிழ்த்தால் மட்டும் முட்டை போகாது; சட்டியின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் பல மாதம் உயிரோடு இருக்கும். தும்பு போட்டு உரசிக் கழுவி, கூரைக்குக் கீழே எடுத்து வையுங்கள்.