அப்பா என்ன செய்கிறார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பிறந்து வளர்ந்தவன். இப்போது சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். என் அப்பா இன்றும் கூலிக்குப் பட்டு நெய்கிறார். அலுவலகத்தில் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு வரும்போது ஒருவர் தம் தாத்தா நீதிபதி என்கிறார். இன்னொருவர் தம் அப்பா மருத்துவர் என்கிறார். என் முறை வந்தபோது "ஜவுளி வியாபாரம்" என்று சொல்லிவிட்டேன். அன்று முதல் மனம் உறுத்துகிறது. உள்ளதைச் சொன்னால் "பாவம், கஷ்டப்பட்டு வந்த பையன்" என்று பார்ப்பார்களே என்ற கூச்சமும் போகவில்லை. பள்ளி விட்டு வந்து நானும் தறியில் அப்பாவுக்குத் துணையாக உட்கார்ந்தவன்தான். பெருமையைப் பெருமையாகவே சொல்வது எப்படி?
– வாசகர், சென்னை

பதில்: உங்கள் கூச்சத்தில் நியாயம் இருக்கிறது. நெசவாளி என்றதும் பலருடைய நினைவுக்கு வருவது கடனும் கஞ்சித்தொட்டியும்தான். அந்தப் படத்தை அப்படிப் பதிய வைத்ததில் பத்திரிகைகளுக்கும் பங்கு உண்டு. "அப்பா நெசவாளி, கஷ்டப்பட்டு என்னைப் படிக்க வைத்தார்" என்று ஒரே மூச்சில் நீங்கள் சொன்னால், கேட்பவர் மனத்தில் கஷ்டம் மட்டும் தங்கும், நெசவு தங்காது. நீங்கள் அஞ்சுகிற பரிதாபம் அங்கிருந்துதான் வருகிறது. ஆகவே வறுமையைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் செய்கிற வேலையைச் சொல்லிப் பாருங்கள்.

"எங்கள் அப்பா கோர்வைப் புடவை நெய்கிறவர்" என்று தொடங்கினால், கோர்வை என்றால் என்ன என்று யாராவது ஒருவர் கேட்காமல் இருக்க மாட்டார். உடல் பகுதி ஒரு நிறமும் இரு கரைகளும் வேறு நிறமுமாக இருக்கும் புடவையில், உடலும் கரையும் ஒவ்வோர் ஊடையிலும், அதாவது குறுக்கிழையிலும், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்படி அந்த இழையைச் சுமந்து ஓடும் நாடாக்கள் மூன்றை ஓட்ட வேண்டும் என்பதும், ஒற்றை ஆளால் அது ஆகாது என்பதால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும் என்பதும், அந்த ஒருவராகப் பள்ளிச் சட்டையோடு உட்கார்ந்திருந்தவர் நீங்களே என்பதும் அந்த மேசையில் இருக்கும் எவருக்கும் தெரியாத செய்திகள். முந்திக்கு வேறு நிறம் வேண்டுமென்றால், ஓடுகிற பாவின், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூலின், ஆயிரக்கணக்கான இழைகளில் ஒவ்வொன்றோடும் புதிய நிறத்து இழையை வைத்துக் கையால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். விடியற்காலையில் தெருவின் நீளத்துக்குப் பாவை விரித்துக் கஞ்சி போட்டு வெயில் ஏறுவதற்குள் ஆற்றி எடுக்க வேண்டும். மழை வந்துவிட்டால் தெருவில் பாவு இல்லை. குழித்தறியின் பள்ளத்தில் ஈரம் ஊறிவிட்டால் தறியிலும் வேலை இல்லை. இவற்றையெல்லாம் கேட்டு முடித்தவர் உங்களைப் பார்த்துப் "பாவம்" என்று சொல்வது கடினம். அவர் வீட்டுப் பீரோவில் ஒரு காஞ்சிபுரம் புடவை இருந்தால், அன்று மாலை அதை எடுத்து விரித்துக் கரையைத் திருப்பிப் பார்க்கவும் கூடும்.

ஆனால் இப்படிப் பேசுவதற்கு முதலில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். துணையாளாக உட்கார்ந்தவருக்குத் தறியின் ஒரு பக்கம்தான் தெரியும். ஒரு பாவில் எத்தனை புடவை இறங்கும், நூல் அறுந்தால் எந்த இடத்தில் முடிச்சுப் போட்டால் வெளியே தெரியாது, அப்பா தறியில் முதன்முதலாகத் தனியாக உட்கார்ந்தபோது அவருக்கு வயது என்ன, அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்றெல்லாம் அவரிடம் கேட்டிருக்கிறீர்களா? பெற்றோரைப் போற்றுகிறோம் என்று சொல்லும் நம்மில் பெரும்பாலோர் அவர்களுடைய நாள் முழுவதும் எதில் கழிகிறது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டதே இல்லை. விவரம் தெரியாத பெருமை ஒரு வரிக்கு மேல் நீளாது. அந்த ஒரு வரியும் முடிந்தபின் கூச்சம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இன்னொன்றையும் கவனித்தேன். உங்கள் கடிதம் முழுவதும் அப்பாவே இருக்கிறார். அம்மாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நெசவாளர் வீட்டில் தார் சுற்றுவது, அதாவது நாடாவுக்குள் வைக்கும் சிறு குழலில் நூலைச் சுற்றுவது, பெரும்பாலும் பெண்கள்தான். ஊடைக்கான தார் தீரத் தீரச் சுற்றிக் கொடுக்கிறவர் இல்லாமல் நாடா ஓடாது. ஆனால் கூலி ரசீதில் அந்தப் பெயர் வருவதில்லை. உங்கள் வீட்டில் தார் சுற்றியவர் யார் என்பதையும் அடுத்த முறை சேர்த்துச் சொல்லுங்கள்.

நீங்கள் 2010ஆம் ஆண்டுக்குப் பிறகு கலந்தாய்வு வழியாகத் தொழிற்கல்வி படித்தவர் என்றால், கல்விக் கட்டணச் சலுகைக்காக முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழை வாங்கியிருப்பீர்கள். குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெறவில்லை என்று வருவாய்த் துறை முத்திரையோடு உறுதி செய்யும் தாள் அது. அதைக் கல்லூரியில் நீட்டும்போது பிள்ளைகள் கூசுவதும், அதே தாளை வீட்டில் அப்பாக்கள் பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரப்படுத்துவதும் தமிழ்நாட்டில் ஆயிரமாயிரம் வீடுகளில் நடந்திருக்கும். என்னைக் கேட்டால், அதைச் சரியாகப் படித்தவர்கள் அப்பாக்கள்தான் என்பேன். பிள்ளைகள் கண்ணுக்கு அதில் குடும்பத்தின் குறை தெரிந்தது. அப்பாக்கள் கண்ணுக்கு அது தங்கள் காலத்தில் நடந்து முடிந்த ஒரு காரியத்தின் சான்றாகத் தெரிந்தது.

"ஜவுளி வியாபாரம்" என்று சொன்னதற்காக நண்பர்களிடம் போய் விளக்கம் கொடுக்க வேண்டியதில்லை. அடுத்து பேச்சு வரும்போது கோர்வையிலிருந்து தொடங்குங்கள், போதும்.

கேள்வி: எங்கள் தாத்தாவுக்கு 40 வேலி நிலம் இருந்தது. இன்றும் ஊரில் எங்களைப் "பெரிய வீட்டுக்காரர்கள்" என்றுதான் சொல்வார்கள். பேரப்பிள்ளைகளிடம் இந்தப் பெருமையைச் சொல்லி வளர்க்க விரும்புகிறேன். "குழந்தைகளிடம் இதையெல்லாம் சொல்லாதீர்கள் மாமா" என்று மருமகள் தடுக்கிறாள். குடும்பப் பாரம்பரியத்தைச் சொல்வது தவறா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: சொல்லலாம், ஆனால் 40 வேலி என்பது அளவு மட்டுமே. ஏறக்குறைய 265 ஏக்கர். அத்தனை நிலத்தையும் உங்கள் தாத்தா தாமே ஏர் பிடித்து உழுதிருக்க முடியாது. உழுதவர்கள் பண்ணையாட்கள், அவர்களைக் காரணமின்றி வெளியேற்றக் கூடாது என்பதற்கே தஞ்சை மாவட்டத்துக்கென்று 1952இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. பின்னர் 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டம் ஒரு குடும்பத்துக்கு 30 தர ஏக்கர் (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) என்று எல்லை வகுத்தது. 1970இல் அது 15 ஆகக் குறைந்தது. அன்று அந்த வயலில் இறங்கியவர்களின் பேரன் பேத்திகள் இன்று உங்கள் பேரனுடைய வகுப்பிலேயே, ஒருவேளை அதே பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கலாம். "பெரிய வீடு" என்ற சொல் அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் வேறொரு நினைவைக் கிளப்பும். உங்கள் மருமகள் இதை எண்ணித்தான் தடுக்கிறார் என்று நினைக்கிறேன். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது.

குடிப்பிறப்பை உயர்த்திப் பேசுகிறவர்கள் எடுத்துக்காட்டாகக் குறளைக் காட்டுவது வழக்கம். குடிமை என்னும் 96ஆம் அதிகாரம் நல்ல குடிக்கு உரியவையாக எண்ணிச் சொல்லும் நான்கு, முகமலர்ச்சி, ஈகை, இன்சொல், பிறரை இகழாமை என்பவை; நிலமும் வீடும் அந்த எண்ணிக்கையில் இல்லை. போதாக்குறைக்கு, உயர்குடியில் பிறந்தவரிடம் குற்றம் இருந்தால் அது நிலவில் உள்ள மறுவைப் போல ஊருக்கே தெரியும் என்று ஓர் எச்சரிக்கையும் அதே அதிகாரத்தில் இருக்கிறது.

உங்கள் தாத்தா என்ன செய்தார் என்று யோசித்துப் பாருங்கள். 1952 நவம்பர் புயலில் தஞ்சை மாவட்டம் சின்னாபின்னமானபோது வீட்டுப் பத்தாயத்தைத் திறந்து ஊருக்கு நெல் அளந்தாரா? பள்ளிக்கூடத்துக்கு இடம் எழுதிக் கொடுத்தாரா? வாய்க்கால் தகராறில் தம் வயலுக்குப் பாதகமாகவே நியாயம் சொன்னாரா? அப்படி ஒன்று இருந்தால் அதைப் பேரனிடம் தாராளமாகச் சொல்லுங்கள். மருமகளும் உட்கார்ந்து கேட்பார். ஒன்றும் அகப்படவில்லை என்றால், தாத்தாவை விட்டுவிட்டு நீங்கள் செய்த வேலையைப் பற்றிச் சொல்லுங்கள்.

கேள்வி: எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே அப்பா வீட்டை விட்டுப் போய்விட்டார். அம்மா தையல் தைத்து என்னையும் தம்பியையும் வளர்த்து ஆளாக்கினார். என் பெயருக்கு முன்னால் அம்மாவின் இனிஷியலைப் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறேன். "அப்பன் பேர் தெரியாதவள் என்று ஊர் பேசும்" என்று சித்தி பயமுறுத்துகிறார்.
– வாசகி, திருச்சி

பதில்: உங்கள் சித்தியிடம் ஒரு பெயரைச் சொல்லுங்கள்: எம்.எஸ். சுப்புலட்சுமி. எம் என்பது மதுரை, எஸ் என்பது சண்முகவடிவு. வீணைக் கலைஞரான அவருடைய அன்னை. அந்த இரண்டு எழுத்துகளும் உலகம் சுற்றி வந்தன. ஊர் பேசியதெல்லாம் அந்தக் குரலைப் பற்றித்தான்.

இனிஷியல் என்பதே நாமாக ஏற்படுத்திக்கொண்ட ஏற்பாடு. 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து நீக்கத் தீர்மானித்தது. பட்டங்களை விட்டவர்களின் பெயர்களுக்கு முன்னால் தந்தை பெயரின் முதலெழுத்து அடையாளமாக நிலைத்தது. அந்த இடத்தில் தாயின் எழுத்து வருவதற்குச் சட்டத்தின் போக்கும் துணையாகவே இருக்கிறது. வயது வராத பிள்ளைக்குத் தாயும் இயற்கைப் பாதுகாவலராக, அதாவது சட்டப்படி பொறுப்பாளராக, இருக்க முடியும் என்று கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1999இல் தீர்ப்பளித்தது. கடவுச்சீட்டு விண்ணப்பத்தில் தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் இருந்தாலே போதும் என்று 2016 டிசம்பரில் விதி மாறியது. பள்ளிச் சான்றிதழ்களில் ஏற்கெனவே அப்பாவின் எழுத்து ஏறியிருந்தால், பெயர் மாற்றத்தைத் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட்டு, அந்தப் பிரதியைக் கொண்டு ஆதார், பான், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியிருக்கும். அலைச்சல் உண்டு, வேலை தேடிக்கொண்டிருக்கும் நேரமாக இருந்தால், சான்றிதழில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் ஒரு பெயருமாக நின்று தடுமாறாதபடி காலம் பார்த்துத் தொடங்குங்கள்.

அம்மாவைப் போற்றுவதற்கு எழுத்து ஒன்றே வழி என்றும் இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தந்தை நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் பிறந்தவர். அந்தக் காலத்தில் தாயின் பிறப்பை வைத்து மகளைச் சிறுமைப்படுத்த நினைத்தவர்களுக்குக் குறைவிருந்திருக்காது. மகளோ 1912இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1927இல் சென்னைச் சட்ட மேலவைக்குள் நுழைந்து அதன் துணைத் தலைவராகவும் ஆகி, தாயின் மரபுப் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டிவிடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். தேவதாசி ஒழிப்புச் சட்டம் 1947இல் நிறைவேறியது. பிறந்த குடியை மதிப்பவர் அதன் வழக்கங்கள் எல்லாவற்றையும் காப்பாற்றியாக வேண்டும் என்று எண்ணுகிறவர்கள் அவருடைய வாழ்க்கையைப் படித்துப் பார்க்கலாம்.

கேள்வி: என் தந்தை வாழ்நாள் முழுவதும் குடித்தார்; அம்மாவை அடித்தார். இப்போது வயதாகி என் வீட்டில் இருக்கிறார். "என்ன இருந்தாலும் பெற்ற அப்பா, பெருமையாக வைத்துக்கொள்" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்த உணர்வே வரவில்லை. நான் நன்றி கெட்டவனா?
– வாசகர், வேலூர்

பதில்: இல்லை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. தம்மைத் தாமே பராமரித்துக்கொள்ள இயலாத பெற்றோருக்கு உணவும் உடையும் இருப்பிடமும் மருத்துவமும் கிடைக்கச் செய்வது பிள்ளைகளின் கடமை என்று அது சொல்கிறது. மதிக்க வேண்டும் என்றோ பெருமைப்பட வேண்டும் என்றோ எந்தச் சட்டமும் கட்டளை இடவில்லை, இடவும் முடியாது. வேளைக்குச் சோறும் மருந்தும் கொடுத்து உங்கள் வீட்டில் வைத்திருக்கிறீர்கள். கடமை அதோடு நிறைவேறிவிடுகிறது. உறவினர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. பெருமைப்பட ஒருவர் வேண்டும் என்றால், அத்தனை அடியையும் தாங்கிக்கொண்டு உங்களைப் பள்ளிக்கு அனுப்பிய அம்மா இருக்கிறார்.

கேள்வி: நான் ஆட்டோ ஓட்டுகிறேன். மகள் பி.காம். முதலாண்டு படிக்கிறாள். கல்லூரிக்கு ஒரு தெரு முன்னாலேயே "இங்கேயே நிறுத்துங்கப்பா" என்கிறாள். மனத்துக்குக் கஷ்டமாக இருக்கிறது. அவளிடம் எப்படிப் பேசுவது?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில், அவள் வெட்கப்படுகிறாள் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். வாசலில் நெரிசலாக இருக்கலாம். தோழி அந்தத் தெருமுனையில் காத்திருக்கலாம். பதினெட்டு வயதில் காரில் கொண்டுவந்து விடும் அப்பாவையும் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெட்கமே காரணம் என்றாலும் "உனக்காக நான் எவ்வளவு பாடுபட்டேன்" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். அதைக் கேட்ட பிள்ளைக்குக் குற்ற உணர்வு வரும். அது மதிப்பாக மாறுவது அரிது.

அவள் கணக்கியல் படிக்கிறாள் அல்லவா? உங்கள் வண்டியும் ஒரு தொழில்தான். கடன் தவணை, எரிபொருள், டயர், காப்பீடு, எஃப்.சி. என்னும் வண்டித் தகுதிச் சான்று, பர்மிட், வண்டி ஓடாத நாள்களின் நட்டம் என்று அதில் வரவும் செலவும் இருக்கின்றன. இந்த மாதக் கணக்கு முழுவதையும் அவள் கையில் கொடுத்து, கல்லூரியில் சொல்லிக் கொடுக்கிற முறைப்படி எழுதித் தரச் சொல்லுங்கள். எங்கே வண்டி போட்டால் எந்த நேரத்தில் சவாரி கிடைக்கும், காலியாகத் திரும்பாமல் இருக்க எப்படித் திட்டமிடுகிறீர்கள் என்பதெல்லாம் அவள் கேட்கும் கேள்விகளிலேயே வெளியே வரும். தெருமுனை விஷயத்தை அதுவரை எடுக்க வேண்டாம். அவள் சொன்ன இடத்திலேயே நிறுத்துங்கள்.