எட்டு விநாடிகள்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் பொன்விழா வரும் செப்டம்பர் 5 அன்று நடக்கிறது. எங்களுக்குப் புவியியல் நடத்திய ஆசிரியரைப் பற்றி விழா மலரில் எழுதும் பொறுப்பை என் வகுப்புத் தோழர்கள் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். அவர் இப்போது இல்லை. நான்கு பக்கம் எழுதினேன். மலர்க்குழுவினர் இரண்டு பக்கத்துக்குள் வேண்டும் என்கிறார்கள். எதை வெட்டினாலும் அவரையே வெட்டுவதுபோல் இருக்கிறது. கட்டுரையை இணைத்திருக்கிறேன். எந்தப் பகுதியை நீக்கலாம் என்று நீங்கள் சொன்னால் என் மனம் ஒப்பும். அவருடைய மாலையிட்ட படத்தைப் போடலாமா என்றும் சொல்லுங்கள்.

இன்னொன்று. அவர் கையில் எப்போதும் பிரம்பு இருக்கும். அன்று அவர்கள் அடித்ததால்தான் நாங்கள் மனிதர்களானோம். இன்று ஆசிரியரின் கையைக் கட்டிப்போட்டுவிட்டுப் பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள் என்று புலம்புகிறோம். அப்படிப்பட்ட ஆசிரியர்கள் இப்போது ஏன் வருவதில்லை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எனக்கு ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் நடத்திய ஆசிரியர் காலமான செய்தி சென்ற மாதம்தான் வந்தது. அன்றிரவே அவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். காலையில் படித்துப் பார்த்துவிட்டுக் கிழித்துப் போட்டேன். ஏன் கிழித்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது உங்கள் கடிதம் வந்தது. ஆகவே இந்தப் பதிலில் உங்களுக்கான பங்கு கொஞ்சம் குறைவாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடுகிறேன். படம் தாராளமாகப் போடலாம், ஆனால் மாலை வேண்டாம். அவர் வகுப்பில் நின்ற கோலத்தில் ஒரு படம் கிடைக்கிறதா என்று பழைய குழுப்படங்களில் தேடுங்கள். பிரம்பைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதை நான் ஏற்கவில்லை. அடி வாங்கிப் படித்து முன்னுக்கு வந்தவர்கள் பொன்விழா மலரில் எழுதுகிறார்கள். அடிக்குப் பயந்து ஏழாம் வகுப்போடு நின்று ஆடு மேய்க்கப் போனவனிடம் எந்த மலர்க்குழுவும் கட்டுரை கேட்பதில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் உடல்ரீதியான தண்டனையைத் தடை செய்தது. அதனால் யாருடைய கையும் கட்டப்பட்டுவிடவில்லை. கரும்பலகையில் எழுதுவதற்கு அந்தக் கை இன்றும் விடுதலையாகத்தான் இருக்கிறது. இப்போது அப்படிப்பட்ட ஆசிரியர்கள் ஏன் வருவதில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்லப்போவதில்லை. கடைசியாக எந்த ஆண்டு நீங்கள் ஒரு வகுப்பறைக்குள் உட்கார்ந்து பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

இனிக் கட்டுரைக்கு வருகிறேன். ‘மாதா பிதா குரு தெய்வம்’ என்று தொடங்குகிறீர்கள். அடுத்து அவருடைய வெள்ளை வேட்டி, அதன் கஞ்சி மடிப்பு, கம்பீரக் குரல், ஏழை மாணவர்களுக்கு அவர் வாங்கிக் கொடுத்த நோட்டுப் புத்தகம். பிறகு நிலம் போன்ற பொறுமை, மலை போன்ற கல்வி, துலாக்கோல் போன்ற நடுவுநிலை என்று ஒரு பத்தி. நிலம், மலை, நிறைகோல், மலர் என்ற இந்த நான்கையும் நன்னூலில் பவணந்தி முனிவர் வைத்தது, ஆசிரியராக இருக்கத் தகுந்தவர் யார் என்று அளந்து பார்ப்பதற்காக. பதின்மூன்றாம் நூற்றாண்டின் அந்த அளவுகோலை நாம் இரங்கல் கூட்டத்துப் பன்னீர்ச் செம்பாக்கி வருகிறவர்கள்மேல் எல்லாம் தெளித்துக்கொண்டிருக்கிறோம். நான்கு பக்கத்தையும் படித்து முடித்தபோது அவர் நல்லவர் என்பது தெரிந்தது. அவர் புவியியல் ஆசிரியர் என்பது உங்கள் கடிதத்தைப் படிக்காதிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. பருவக்காற்று எப்படித் திரும்புகிறது என்று அவர் எப்படி விளக்கினார்? அட்சக்கோட்டுக்கும் தீர்க்கக்கோட்டுக்கும் வித்தியாசம் புரியாத பிள்ளையிடம் என்ன செய்தார்? எதுவுமே இல்லை. முப்பது ஆண்டுகள் ஒருவர் தொண்டை வறளச் செய்த வேலையை விட்டுவிட்டு அவருடைய வேட்டி மடிப்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி என்மேல் உள்ளது, ஏனென்றால் நான் கிழித்துப்போட்ட பக்கத்திலும் ஒரு வெள்ளை வேட்டி இருந்தது. என் ஆசிரியர் வேட்டி கட்டியவரே இல்லை. பழுப்பு நிறக் கால்சட்டையை வாரம் முழுவதும் போட்டுக்கொண்டு வருவார்.

அவரைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் பள்ளி பத்தாம் வகுப்போடு முடிந்துவிடும். 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தபோது தாலுகா ஊர்ப் பள்ளிகள் மேல்நிலைப் பள்ளிகளாக உயர்ந்தன. எங்களுடையது உயர்நிலைப் பள்ளியாகவே தங்கிவிட்டது. ஆய்வகம் என்று ஓர் அறை இருந்தது, அதில் விளையாட்டு விழாவுக்கான கொடிக்கம்புகள் கிடந்தன. எங்களுக்குச் செய்முறைத் தேர்வும் கிடையாது. ஆகவே தனி ஊசலைப் பற்றிய பாடத்தைப் படம் போட்டுச் சூத்திரத்தை எழுதி ஒரு மணி நேரத்தில் முடித்திருந்தாலும் அவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அவர் சணல் கயிறு ஒன்றை ஓட்டுக்கூரையின் கைமரத்தில் கட்டி, அதன் நுனியில் வகுப்பறையின் பித்தளைப் பூட்டைத் தொங்கவிட்டார். முடிச்சிலிருந்து பூட்டின் நடுப்பகுதிவரை சரியாக ஒரு மீட்டர். தம் எச்.எம்.டி. கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். போய்த் திரும்பி வந்தால் ஓர் அலைவு. 20 அலைவுக்கு எத்தனை விநாடி என்று பார்க்க வேண்டும். 40 விநாடி வந்தது. பூட்டுக்குப் பதிலாக ஒரு கூழாங்கல்லைக் கட்டினார்; கனம் குறைந்தால் வேகம் மாறும் என்று வகுப்பே கத்தியது; அப்போதும் 40தான். பிறகு கயிற்றைப் பாதியாகக் குறைத்து, வகுப்பை ஐந்து குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் தனியாக வந்து அளந்து, யாரிடமும் சொல்லாமல் துண்டுச்சீட்டில் எழுதித் தரவேண்டும் என்றார். எங்கள் குழுவுக்குக் கடிகாரம் பிடித்தவன் நான். இருபதாவது அலைவு முடிந்தபோது முள் 28ஐத் தாண்டிக்கொண்டிருந்தது. பாதிக் கயிற்றுக்குப் பாதி நேரம்தானே வரவேண்டும், தொடங்கும்போது எங்கோ தவறிவிட்டேன் என்று எண்ணி, சீட்டில் 20 என்று எழுதிக் கொடுத்தேன்.

ஐந்து சீட்டையும் அவர் உரக்கப் படித்தார். நான்கில் 20 இருந்தது. ஒரு குழு மட்டும், மனச்சாட்சி உறுத்தியதோ என்னவோ, 22 என்று எழுதியிருந்தது. அவர் கோபப்படவில்லை, மூக்குப்பொடி மட்டையை எடுத்து ஒரு சிட்டிகை இழுத்தார், கயிற்றை மறுபடி ஆட்டிவிட்டார், வகுப்பு முழுவதையும் உரக்க எண்ணச் சொல்லிக் கடிகாரத்தைத் தாமே பிடித்தார். 28. பிறகு அந்தப் பாதியையும் பாதியாக்கிக் கால் மீட்டராக வைத்தார். இப்போதுதான் 20 வந்தது. நீளம் நாலில் ஒன்றானால் நேரம் பாதியாகிறது. அது ஏன் என்று வர்க்கமூலத்தைக் கொண்டு அவர் விளக்கியது அடுத்த திங்கட்கிழமை. அன்று அவர் செய்தது ஒன்றே ஒன்றுதான். கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்து, “அந்த எட்டு விநாடியை எங்கேடா வைத்தாய்?” என்று கேட்டார். பத்தாம் வகுப்பு முடியும்வரை, தாழ்வாரத்தில் எதிர்ப்படும்போதெல்லாம், “கிடைத்ததா?” என்பார். என் பெயரை அவர் கடைசிவரை தவறாகவே சொன்னார். எட்டு விநாடியை மறக்கவில்லை.

அவர் அன்பானவர் என்று சொல்ல மாட்டேன். சுண்ணக்கட்டியை விரல்நகம் தேயும்வரை விடமாட்டார். அறுவடை நாட்களில் கடைசி வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு மிதிவண்டியில் வயலுக்குப் போய்விடுவார். பெண் பிள்ளைகளிடம் கேள்வி கேட்கவே மாட்டார், அது அவருடைய கூச்சமா அலட்சியமா என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை. கிழித்துப்போட்ட பக்கத்தில் இவை எதுவும் இல்லை. 28 வந்த இடத்திலெல்லாம் மறுபடியும் நான் 20 எழுதியிருந்தேன். ஆசிரியர் என்றால் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று நம் மனத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. கண்ணால் பார்த்தது அதற்குப் பொருந்தாதபோது, நம் பார்வைதான் தவறியிருக்கும் என்று திருத்திக்கொள்கிறோம். அதை நன்றி என்றும் சொல்லிக்கொள்கிறோம். உங்கள் கட்டுரையில் எனக்குள்ள வழக்கு முழுவதும் இதுதான்.

தம் ஆசிரியரைப் பற்றி எழுதுவது எப்படி என்று தெரிந்தவர் உ.வே. சாமிநாதையர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876இல் மறைந்தார். அவருடைய வரலாற்றை மாணவர் இரண்டு பாகமாக வெளியிட்டது 1933, 1934ஆம் ஆண்டுகளில். அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்த பிறகும் யார் எந்த நூலை அவரிடம் பாடம் கேட்டார்கள், எந்த ஊரில் எந்தப் புராணம் பாடினார், என்ன கடன்பட்டிருந்தார் என்று கணக்கப்பிள்ளையைப்போல எழுதிவைத்தார். அதைவிட எனக்குப் பிடித்தது அவர் தம்மைப் பற்றிச் சொல்லும் ஒரு சம்பவம். பிள்ளையவர்கள் தாம் வைத்த மரக்கன்றுகளில் புதிதாகத் தளிர் விட்டிருக்கிறதா என்று காலையில் போய்ப் பார்ப்பார். மாணவர் அதைக் கவனித்துவிட்டார். அவருக்கு முன்பே எழுந்து, தளிரைத் தேடி இடம் பார்த்து வைத்துக்கொண்டு, அவர் வந்ததும் காட்டுவார். ஆசிரியர் மகிழ்ந்திருக்கும் அந்த நேரம் பார்த்துப் பாடத்தைக் கேட்டுவிடுவார். பக்தியும் தந்திரமும் கலந்த இந்தக் காரியத்தை மறைக்காமல் எழுதியதால்தான், விடியற்காலையில் கன்றுக்கு முன் குனிந்து நிற்கும் அந்தப் பெரிய மனிதரை நம்மால் இன்று பார்க்க முடிகிறது. மாலையிட்ட படத்தில் அவர் கிடைக்க மாட்டார்.

எதை வெட்டுவது என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா? உங்கள் மூன்றாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருக்கிறது: ‘மாவட்ட வரைபடத்தில் எங்கள் ஊர் இல்லை என்று நாங்கள் சொன்னபோது, அவரே பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்.’ அதை மட்டும் வைத்துக்கொண்டு மீதி நான்கு பக்கத்தையும் எடுத்துவிடுங்கள். வருத்தப்பட வேண்டாம், அவ்வளவையும் எழுதியதால்தான் இந்த வரி உங்கள் கைக்கு வந்திருக்கிறது, இரண்டு பக்கம் எழுத அதுவே போதும். எந்த மையில் வைத்தார்? சொன்னது யார், நீங்களா, வேறு யாராவதா? வைப்பதற்கு முன் அளந்தாரா? பக்கத்துத் தாலுகா ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டர் என்று உங்களையே கேட்டு, வரைபடத்தின் அளவுத்திட்டப்படி அளவுகோலை வைத்துப் பார்த்தாரா, அல்லது இங்கேதான் இருக்கும் என்று உத்தேசமாகக் குத்திவிட்டாரா? அரசாங்கச் சொத்தில் பேனா வைத்ததற்குத் தலைமையாசிரியர் ஏதாவது சொன்னாரா? உங்களுக்கு நினைவில்லை என்றால் தோழர்களைத் தொலைபேசியில் பிடியுங்கள். ஆளுக்கொரு மாதிரி சொல்வார்கள், அதை அப்படியே எழுதுங்கள்.

அந்தத் துணி வரைபடங்களைப் பள்ளிகளில் சுலபத்தில் தூக்கி எறிவதில்லை, சுருட்டி ஏதாவது பீரோவின்மேல் போட்டுவைப்பார்கள். விழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஒருநாள் போய்த் தேடுங்கள். கிடைத்தால் ஓர் அளவுகோலைக் கொண்டுபோய் அந்தப் புள்ளி உங்கள் ஊருக்குச் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, வயல்வெளியிலோ குளத்துக்குள்ளோ இருந்தால், அதையும் எழுதுங்கள், எனக்கும் தெரிவியுங்கள்.