வாசகர் கேள்வி: பலகை நிறையச் சீட்டு, முடிவதோ ஒன்றுமில்லை

கேள்வி: வீட்டு வேலைகளைச் சீட்டில் எழுதி, வெள்ளைப் பலகையில் மூன்று பத்தியாக ஒட்டுகிறேன். ‘நடக்கிறது’ பத்தியில் 15 சீட்டு தேங்கிவிட்டது. ஏன்?

பதில்: ஒரே நேரத்தில் எத்தனை வேலை நடக்கலாம் என்று வரம்பு வைக்காததால்தான். வேலைகளைச் சீட்டில் எழுதிப் பலகையில் பத்தி பத்தியாக நகர்த்தும் உங்கள் வழிக்குப் பெயர் கான்பான்; டொயோட்டா ஆலையில் பிறந்த அந்த முறையின் உயிரே இந்த வரம்புதான். ‘நடக்கிறது’ பத்தியின் தலைப்பிலேயே ‘3’ என்று எழுதுங்கள். ஒன்று வெளியேறினால்தான் அடுத்தது உள்ளே. மீதி 12 ‘செய்ய வேண்டியது’ பத்திக்குத் திரும்பட்டும். எலக்ட்ரீஷியன் வரவேண்டும் என்பது போன்றவற்றுக்கு ‘காத்திருப்பு’ என நான்காவது பத்தி. சீட்டில் சொல்லிவைத்த தேதி அவசியம். ‘வீட்டைச் சீரமைத்தல்’ என்பதெல்லாம் சீட்டே அல்ல. ‘குழாய் வாஷர் மாற்று’ என்று ஒரே மூச்சில் முடிகிற அளவுக்கு உடையுங்கள். சீட்டு சுருண்டு உதிர்கிறதா? அடுக்கிலிருந்து எடுக்கும்போது கீழிருந்து மேலே இழுக்காமல் பக்கவாட்டில் உரியுங்கள்.