ஸ்டார்ஜெலா, கிளெமென்டேயா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் பேஸ்பால் அணியின் வரலாற்றுக்கு ஒரே ஒரு ஆட்டக்காரரை அடையாளம் காட்டச் சொன்னால் வில்லி ஸ்டார்ஜெலைத்தான் காட்டுவேன் என்று எழுதியிருந்தீர்கள். என்னால் ஏற்க முடியவில்லை. ராபர்டோ கிளெமென்டேயைப் பாருங்கள்: 3000 ஹிட் (பந்தை அடித்துவிட்டுப் பேஸைப் பத்திரமாக எட்டுவது), சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு குளோவ் விருது 12, லீகின் உயர்ந்த சராசரிக்கான பேட்டிங் பட்டம் 4 முறை. நிலநடுக்கத்தில் சிதைந்த நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோகையில் விமான விபத்தில் மரணம். அவரைத் தாண்டி இன்னொருவர் பெயரைச் சொல்ல எப்படி மனம் வந்தது? வெறும் ஆட்டத்திறமைதான் கணக்கு என்றாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பைரேட்ஸுக்கு ஆடிய ஹோனஸ் வாக்னர் இருக்கிறாரே?

ர.

அன்புள்ள ர.,

கிளெமென்டே ஸ்டார்ஜெலைவிடப் பெரிய ஆட்டக்காரர். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அமெரிக்க மேஜர் லீகின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரீஸில் 1971ல் அவருடைய பேட்டிங் சராசரி .414; அதாவது பத்து முயற்சிக்கு நாலுக்கு மேல் ஹிட். அவர் இறந்ததும் ஐந்தாண்டுக் காத்திருப்பு விதியை விலக்கி, பேஸ்பாலின் தலைசிறந்தவர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் 1973லேயே சேர்த்தார்கள். ஆனால் அவர் இன்று ஒரு அணிக்குள் அடங்குகிறவர் இல்லை. அவர் பிறந்த தீவான போர்ட்டோ ரிக்கோ அவரைத் தன் பிள்ளையாகக் கொண்டாடுகிறது. பொதுச்சேவைக்காக லீக் ஆண்டுதோறும் தரும் விருது அவர் பெயரில் இருக்கிறது. பைரேட்ஸின் கதை அவருடைய கதையில் ஒரு பகுதி. ஸ்டார்ஜெலுக்கோ அந்த அணிதான் முழுக் கதையும்.

வாக்னருக்கு 8 பேட்டிங் பட்டங்கள். 1936ல் ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்வான முதல் ஐவரில் ஒருவர். ஆனால் அவர் ஆடிய லீகில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. பைரேட்ஸுக்கு முதல் கறுப்பின ஆட்டக்காரர் வந்ததே 1950களில்தான். அந்தக் கதவு திறந்த பிறகு நடந்ததை வாக்னரை வைத்துச் சொல்ல முடியாது.

ஸ்டார்ஜெல் 1962 முதல் 1982 வரை ஒரே அணிக்கு ஆடி 475 ஹோம் ரன் (பெரும்பாலும் பந்தை வேலிக்கு வெளியே அடித்து எடுக்கும் ரன்) அடித்தவர். 1971 செப்டம்பர் 1 அன்று பைரேட்ஸ் களமிறக்கிய ஒன்பது பேரும் கறுப்பின, லத்தீன் ஆட்டக்காரர்கள். மேஜர் லீகில் அதுவே முதல் முறை. கிளெமென்டேயும் ஸ்டார்ஜெலும் அந்த ஒன்பது பேரில் இருந்தார்கள்.

அதே ஆண்டு வேர்ல்டு சீரீஸின் ஏழாவது ஆட்டத்தில் கிளெமென்டே அடித்த ஹோம் ரன் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. அதே ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸ் அவ்வளவாக நினைவில் இல்லை. அந்த சீசனில் 48 ஹோம் ரன் அடித்த ஸ்டார்ஜெலின் மட்டை, சீசன் முடிந்து வந்த முக்கிய ஆட்டங்களில் ஓய்ந்து கிடந்தது. அப்படிப்பட்டவர் ஒரு சிங்கிள் அடித்து முதல் பேஸில் நிற்கிறார். சக ஆட்டக்காரர் ஹோசே பகான், இரண்டாவது பேஸ் வரை ஓட வழிவிடும் டபுள் அடிக்கிறார். அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிக்கொண்டு முதல் பேஸிலிருந்து ஓடியே, ரன் கிடைக்கும் ஹோம் பிளேட்டைச் சேர்கிறார் ஸ்டார்ஜெல். 2-1 என்று முடிந்த ஆட்டத்தில் வெற்றி ரன் அதுதான்.

எனக்கு இன்னும் பிடித்தவை இரண்டு. பிட்ஸ்பர்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹில் பகுதியில் அவருக்கு ஒரு சிக்கன் கடை இருந்தது. அவர் ஹோம் ரன் அடித்தால் அந்த நேரத்தில் கடையில் நிற்பவர்களுக்குச் சிக்கன் இலவசம். அடுத்தது, கேப்டனாக அவர் கொடுத்த துணி நட்சத்திரங்கள். நன்றாக ஆடியவருக்கு ஒரு நட்சத்திரம். வாங்கியவர் அதைத் தட்டையான தொப்பியில் தைத்துக்கொள்வார். லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கியவர்களும் அந்தத் துணித்துண்டுக்கு ஏங்கினார்கள்.

1979ல் அவருக்கு வயது 39. வேர்ல்டு சீரீஸில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணியிடம் 3-1 என்ற ஆட்டக் கணக்கில் பின்தங்கியிருந்த பைரேட்ஸ் மீண்டு, ஏழாவது ஆட்டம் வரை கொண்டுபோனது. அதிலும் ஆறாவது இன்னிங்ஸில் 1-0 என்று பின்னால் இருந்தபோது ஸ்டார்ஜெல் இரண்டு ரன் ஹோம் ரன் அடித்தார். 4-1 வெற்றி. அதன்பின் பைரேட்ஸ் பட்டம் வென்றதில்லை. 1993 முதல் 2012 வரை தொடர்ந்து 20 சீசன்கள் வெற்றிகளைவிடத் தோல்விகளே அதிகம். அந்த வறட்சிக் காலம் முழுக்க ரசிகர்கள் பிடித்துக்கொண்டு நின்றது 1979ஐத்தான்.

நீங்கள் சொல்லாமல் விட்ட வலுவான வாதம் ஒன்று இருக்கிறது: 1960. அந்த ஆண்டு பைரேட்ஸ் வென்ற வேர்ல்டு சீரீஸ் பட்டத்தில் ஸ்டார்ஜெல் இல்லை. கிளெமென்டே ஏழு ஆட்டங்களிலும் ஹிட் அடித்தார். ஆனால் 1960 என்றதும் ஊர் சொல்வது, நியூயார்க் யாங்கீஸ் அணியை வீழ்த்திய, பைரேட்ஸ் ஆட்டக்காரர் பில் மசரோஸ்கியின் கடைசி ஹோம் ரன்னைத்தான். 1979ஐ அப்படி ஸ்டார்ஜெலிடமிருந்து யாராலும் பிரிக்க முடியவில்லை. ஆகவே என் வாக்கு இன்னமும் அவருக்கே.