வாசகர் கேள்வி - பதில்: வடக்குப் பாடசாலைகளுக்கு ஓர் எண்ணிமக் கற்றல் வளம்

கேள்வி: வட மாகாணப் பாடசாலைகள் அனைத்துக்கும் பொதுவான ஓர் எண்ணிமக் கற்றல் வளம் வேண்டுமென எமது ஆசிரியர் வட்டத்தில் பேசிவருகின்றோம். தமிழ்நாட்டில் உள்ளவற்றையே எமது பிள்ளைகளும் பயன்படுத்தினால் போதாதா? இல்லையெனில் எதிலிருந்து தொடங்குவது?
- ஆசிரியை ஒருவர், நெடுந்தீவு

பதில்: போதாது. தமிழ்நாட்டில் 2018 இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடுகளை அச்சிட்டு, நூலின் பக்கத்திலிருந்தே காணொளிக்குச் செல்ல வழிசெய்தார்கள். அந்த முறையை நாம் தாராளமாகப் பின்பற்றலாம். ஆனால் அப்பாடங்கள் அவர்களது பாடத்திட்டத்தின் ஒழுங்கில் அமைந்தவை, க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகும் எமது மாணவர் தமக்குரிய அலகைத் தேடுவதிலேயே களைத்துவிடுவர்.

எமது கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் தமிழ்மொழிப் பாடங்கள் உள்ளன. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் பாடநூல்களை இலவசமாகத் தரவிறக்கலாம். இவற்றையே மறுபடி செய்வதற்கு மாகாணத்தின் பணம் செலவாகக்கூடாது. ஒவ்வோர் அலகிலும் எந்த விளக்கம், எந்தப் பயிற்சி கிடைக்கவில்லை என்பதை வகுப்பில் கற்பிக்கும் ஆசிரியர்களே பட்டியலிட்டு, அந்தக் குறைகளை மட்டும் நிரப்பவேண்டும். ஆய்வுகூட வசதியற்ற பாடசாலைகளுக்கான விஞ்ஞானச் செய்முறைக் காணொளிகளுக்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

குறிகட்டுவானிலிருந்து படகேறிச் செல்லவேண்டிய உங்கள் தீவை நினைத்தால் அடுத்த விடயம் இன்னும் முக்கியமானது. இணையம் எந்நேரமும் உண்டு என்று எண்ணி அமைக்கப்படும் தளம், அது மிகவும் தேவைப்படும் பிள்ளைகளையே கைவிட்டுவிடும். 2020 இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது கைத்தொலைபேசியோ டேட்டாவோ இல்லாத வீடுகளில் படிப்பு நின்றுபோனதை நாம் மறக்கக்கூடாது. கொலிப்ரி என்ற கட்டற்ற மென்பொருள் இதற்கென்றே உருவாக்கப்பட்டது. பாடங்களை ஒருமுறை தரவிறக்கிப் பாடசாலைக் கணினி ஒன்றில் வைத்துவிட்டால், ஏனைய கணினிகளும் டேப்களும் பாடசாலையின் வைபை ஊடாக, வெளி இணையம் இல்லாமலே அவற்றைத் திறக்கலாம். வலயக் கல்விப் பணிமனை தவணைக்கு ஒருமுறை புதிய பாடங்களைப் பென்டிரைவில் அனுப்பிவைக்கலாம்.

திறப்பு விழாவுக்கு அவசரம் வேண்டாம். ஒரு வலயத்தில், ஒரு பாடத்தை, ஒரு முழுத் தவணைக்குப் பயன்படுத்திப் பார்த்து, ஆசிரியர்கள் கூறும் திருத்தங்களைச் செய்த பின்னரே ஐந்து மாவட்டங்களுக்கும் விரிக்கவேண்டும். பாடத்திட்டம் மாறும்போதெல்லாம் பாடங்களைப் புதுப்பிக்கப் பொறுப்பானவர் யார், அவருக்கான நேரமும் கொடுப்பனவும் எங்கிருந்து வரும் என்பன தொடங்குமுன்பே எழுத்தில் இருக்கவேண்டும். இலங்கைத் தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேகரித்துவைக்கும், 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம் இன்று ஆய்வாளருக்குப் பயன்படுவது, தொடக்கத்துக்குப் பின்னரும் வேலை ஓயாமல் நடந்ததால்தான்.

கேள்வி: பிள்ளையின் கையில் கைத்தொலைபேசியைக் கொடுக்காமல் இத்தகைய வளத்தைப் பயன்படுத்த முடியுமா?
- தாய் ஒருவர், சாவகச்சேரி

பதில்: முடியும். பாடசாலைக் கணினி அறையைப் பாடவேளைக்குப் பின்னரும் ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் திறந்துவைக்குமாறு பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் கேளுங்கள். பயிற்சித் தாள்களை அச்சிட்டும் பெறலாம்.